"கோடிங் வருது, படம்தான் வரல": பிக்சல் ஆர்ட் கற்பதைப் பாதியில் விடாமல் இருப்பது எப்படி?

இரவு பத்தரை மணி. பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து மோட்டாரில் வீடு திரும்பியிருக்கிறீர்கள். அல்லது மெர்லிமாவ் போலிடெக்னிக் விடுதியில் அசைன்மெண்ட்டை ஒருவழியாக அனுப்பிவிட்டீர்கள். சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறீர்கள்.

நீங்களே எழுதிய கேம் ஓடுகிறது. அம்புக்குறியை அழுத்தினால் ஒரு சிவப்புச் சதுரம் நகர்கிறது, குதிக்கிறது, பள்ளத்தில் விழுந்தால் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. கோடிங் எல்லாம் சரியாக இருக்கிறது. இனி அந்தச் சதுரத்துக்குப் பதிலாக ஓர் ஆளை வரைய வேண்டும், அவ்வளவுதான்.

அரை மணி நேரம் கழித்துத் திரையில் நிற்பது ஆள் இல்லை. கால் முளைத்த உருளைக்கிழங்கு.

"நமக்கு இது வராது லா" என்று மூடி வைக்கிறீர்கள். அடுத்த முறை அந்த ஃபைலைத் திறக்க மூன்று மாதம் ஆகிறது. பொழுதுபோக்காக கேம் செய்யும் பலர் நிற்கும் இடம் இதுதான்.

இது திறமைக் குறைவா? அல்லது கற்கும் முறையில் ஏதாவது சிக்கலா? ஆர்வம் குறையாமல் இருக்க என்ன செய்யலாம்?

பிக்சல் ஆர்ட் என்றால் என்ன?

திரையில் தெரியும் மிகச் சிறிய சதுரப் புள்ளிதான் பிக்சல். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே இடம் பார்த்து வைத்து வரைவதே பிக்சல் ஆர்ட். 'பிக்சல் ஆர்ட்' என்ற சொல்லை, 1982-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அடெல் கோல்ட்பெர்க், ராபர்ட் ஃப்ளீகல் இருவரும் ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார்கள். அந்தக் கலை அதற்கு முன்பே கேம்களில் இருந்தது.

அன்று அது பாணி அல்ல, கட்டாயம். பழைய கணினிகளிலும் கேம் கருவிகளிலும் நினைவகம் மிகக் குறைவு. நிண்டெண்டோ கேம்பாய் திரையில் இருந்தது 160×144 புள்ளிகள், நான்கே நிறச் சாயல்கள்.

மாரியோவைப் பாருங்கள். 1981-இல் வந்த 'டாங்கி காங்' கேமில் அவருக்குக் கிடைத்தது சின்னஞ்சிறு கட்டம். அதில் முடி வரைவது கஷ்டம், அதனால் தொப்பி. வாய் வரைய இடமில்லை, அதனால் மீசை. கை அசைவது தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கு ஒரு நிறம், மேலே போட்ட ஓவரால்ஸுக்கு வேறு நிறம். உலகமே அடையாளம் காணும் அந்த உருவம், இடம் போதாமையால் எடுத்த முடிவுகளின் தொகுப்பு.

இதில் கோடிங் தெரிந்தவருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பிக்சல் ஆர்ட்டில் கை நளினத்தைவிட முடிவெடுப்பதே அதிகம். எந்தப் புள்ளி வேண்டும், எது வேண்டாம், எது ஒரு கட்டம் தள்ளி இருக்க வேண்டும். தூரிகை பிடிக்கும் கையைவிட, ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை இங்கே உதவும்.

அப்போ ஏன் கோடிங் தெரிந்தவர்களுக்கே சீக்கிரம் சலிக்கிறது?

மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, படம் எரர் மெசேஜ் கொடுக்காது. கோட் தப்பாக இருந்தால், எந்த வரியில் சிக்கல் என்று கணினி சொல்லும். திருத்தினால் ஓடும். அந்தச் சின்ன வெற்றிக்கு மனம் பழகியிருக்கும். ஆனால் படம் அசிங்கமாக இருந்தால், 'அசிங்கமாக இருக்கிறது' என்பது மட்டும்தான் தெரியும். எங்கே என்று தெரியாது. எங்கே என்று தெரியாத பிழையைத் திருத்த முடியாது.

இரண்டாவது, கண் கைக்கு முன்னால் ஓடுகிறது. நீங்கள் சின்ன வயதிலிருந்து நல்ல கேம்களைப் பார்த்து வளர்ந்தவர். நல்ல படம் எப்படி இருக்கும் என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். கை இப்போதுதான் ஆரம்பிக்கிறது. இந்த இடைவெளிதான் வலிக்கிறது. கவனியுங்கள்: உங்கள் படம் மோசம் என்று உங்களுக்கே தெரிகிறது என்றால், உங்கள் ரசனை நன்றாக இருக்கிறது என்று பொருள். கவலைப்பட வேண்டியது எதுவுமே தப்பாகத் தெரியாதவர்தான்.

மூன்றாவது, ஆரம்பத்திலேயே பெரிய கட்டம். 64×64 கட்டத்தில் ஓர் ஆளை வரையத் தொடங்கினால் 4,096 புள்ளிகள். 16×16 என்றால் 256 மட்டும். பதினாறு மடங்கு வித்தியாசம். கோடிங் கற்கத் தொடங்கிய முதல் வாரமே ஆன்லைன் மல்டிபிளேயர் கேம் எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். படத்தில் அதையேதான் செய்கிறோம்.

கோலம் போடும் வீட்டுக்கு இது புதுசா?

ஒரு நிமிடம் திரையை விட்டு வாசலுக்கு வருவோம்.

மலாக்கா தோட்டங்களில் லயத்து வாசலில் கோலம் போட்ட பாட்டிகளை உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். "நேர்ப்புள்ளி 9", "இடுக்குப் புள்ளி, 15-இல் தொடங்கி 8-இல் நிறுத்து" என்பார்கள். முதலில் புள்ளி. பிறகு எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்ற விதி. ஒரு புள்ளி தவறினால் முழுக் கோலமும் சேராது. சமச்சீர், திரும்பத் திரும்ப வரும் சின்ன வடிவம், மனதிலேயே இருக்கும் ஒரு விதிமுறை. ஒரு டைல் வரைபவருக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது.

இது அழகுக்காகச் சொல்லும் ஒப்புமை மட்டும் இல்லை. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1970-களிலேயே கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோல வடிவங்களை 'அணி இலக்கணம்' என்ற கணித விதிகளால் உருவாக்குவது பற்றியது. வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல, கட்டங்களில் அமையும் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்பதே அடிப்படை. வாசலில் குனிந்து போட்ட கோலம், உலக ஆய்வாளர்கள் படிக்கும் இதழுக்குப் போனது.

கட்டத்தில் வரையும் கைவேலையிலிருந்து கணினிப் படத்துக்கு வந்த இன்னொருவர் சூசன் கேர். 1984-இல் வெளிவந்த ஆப்பிள் மேக்கிண்டாஷ் கணினியின் ஐகான்களை வரைந்தவர். தொடங்கும்போது அவருக்குக் கணினி வரைகலை அனுபவம் இல்லை. கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தில், 32×32 சதுரங்களைப் பேனாவால் நிரப்பி ஆரம்பித்தார். மொசைக், தையல் பின்னல் போன்ற வேலைகளின் பழக்கம் தனக்கு உதவியது என்று பின்னாளில் சொன்னார்.

ஆர்வத்தைப் பற்றியும் கோலம் ஒன்று கற்றுத் தருகிறது. விடியற்காலையில் வாசல் தெளிக்கும் அம்மா, "இன்னிக்கு எனக்கு மூட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு கோலம் போடுவதில்லை. சாதாரண நாளில் நான்கு புள்ளி, ஐந்து புள்ளியில் ஒரு சின்னக் கோலம். இரண்டு நிமிட வேலை. பொங்கல் வந்தால்தான் பெரிய கோலம், வண்ணம், அக்கம்பக்கத்தார் கூடி நிற்பது எல்லாம். மறுநாள் அழிந்துவிடும், அதற்காக யாரும் அழுவதில்லை. ஆனால் அந்தத் தினசரிச் சின்னக் கோலம் இல்லாமல், பொங்கல் கோலத்துக்குக் கை வராது.

பிக்சல் ஆர்ட் கற்பவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார். தினமும் பொங்கல் கோலம் போட முயல்கிறார். நான்காம் நாள் முதுகு வலிக்கிறது.

தனி ஆளாகச் செய்து காட்டியவர் இருக்கிறாரே?

இருக்கிறார். 'ஸ்டார்டியூ வேலி' கேமை உருவாக்கிய எரிக் பாரோன். கணினி அறிவியல் படித்தவர். படித்து முடித்ததும் வேலை கிடைக்கவில்லை. பயிற்சிக்காக ஒரு சின்ன கேம் செய்யலாம் என்று தொடங்கினார். கோடிங், கதை, இசை, பிக்சல் ஆர்ட் எல்லாமே அவர் ஒருவரே. சுமார் நான்கரை ஆண்டுகள் ஆனது. 2016 பிப்ரவரியில் வெளிவந்த அந்த கேம் இதுவரை 3 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

இந்தக் கதையை யூடியூபில் கேட்டுவிட்டு ஆவேசமாக லேப்டாப்பைத் திறப்பவர்கள் நிறைய பேர். ஆனால் அதில் இரண்டு விஷயங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஒன்று, அவருடைய முதல் படங்கள் இப்போது கேமில் இருப்பவை அல்ல. கதாபாத்திரங்களின் முகங்களை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரைந்தார். பழைய வடிவங்களைப் பார்த்தால், தொடக்கத்தில் அவரும் நம்மைப் போலத்தான் என்று புரியும்.

இரண்டு, அவருக்கு நேரம் இருந்தது. சியாட்டல் நகரில் ஒரு அரங்கில் பகுதி நேர வேலை மட்டும் பார்த்தார். குடும்பச் செலவில் பெரும்பங்கைத் தாங்கியது அவருடைய துணைவியின் வருமானம். நாளுக்குப் பத்து மணி நேரம்கூட உழைக்க அதனால்தான் முடிந்தது.

உங்களுக்கு அப்படி இருக்காது. மோட்டார் தவணை இருக்கும், தம்பியின் பள்ளிச் செலவு இருக்கும், ஓவர்டைம் இருக்கும். மிஞ்சுவது நாற்பது நிமிடம். உங்கள் நாற்பது நிமிடத்தை அவருடைய பத்து மணி நேரத்தோடு ஒப்பிட்டு, 'நமக்கு ஆர்வம் பத்தல' என்று முடிவு செய்தால் அது கணக்குப் பிழை.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் 'ரிதம் டாக்டர்' இருக்கிறது. ஒரே ஒரு பொத்தானை ஏழாவது தாளத்தில் சரியாக அழுத்த வேண்டிய இசை கேம். படங்கள் எல்லாம் பிக்சல் பாணி. மலேசியரான ஹஃபிஸ் அஸ்மான் மாணவராக இருந்தபோது தொடங்கியது. ஸ்டீம் தளத்தில் ஆரம்பகட்ட வெளியீடாக வந்தது 2021-இல்தான். இடையில் பல ஆண்டுகள், ஒரு குழுவின் உழைப்பு. மெதுவாகப் போவது தோல்வியின் அடையாளம் இல்லை.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

1. கட்டத்தைச் சுருக்குங்கள்

முதல் மூன்று மாதம் 16×16 மட்டும். நிறம் நான்கு மட்டும். ஒரே அமர்வில் முடியும் அளவு. முடித்த படம் ஒன்று, பாதியில் நிற்கும் பத்துப் படங்களைவிட அதிகம் கற்றுத் தரும்.

கட்டுப்பாடு கைவிலங்கு அல்ல. 'பிக்கோ-8' என்ற கற்பனை கேம் கருவியில் திரை 128×128, நிறங்கள் 16, ஒரு ஸ்ப்ரைட் 8×8. இந்த அளவுக்குள் 2015-இல் மேடி தோர்சன், நோயல் பெர்ரி இருவரும் நான்கே நாளில் செய்த சின்ன கேம்தான், பிறகு 2018-இல் உலகப் புகழ் பெற்ற 'செலஸ்ட்' கேமாக வளர்ந்தது.

2. வரைந்த அன்றே கேமுக்குள் போடுங்கள்

கோடிங் தெரிந்தவருக்கு இருக்கும் பெரிய பலம் இது. சாதாரண ஓவியர் வரைந்த படம் ஃபைலில் தூங்கும். உங்கள் படம் அன்றிரவே நடக்கும், குதிக்கும். உருளைக்கிழங்காக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டே ஃபிரேம் வைத்து அசைய விட்டுப் பாருங்கள். அசையும்போது பாதிக் குறை மறைந்துவிடும். மனதுக்கு வேண்டிய அந்தச் சின்ன வெற்றியும் கிடைக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கேமுக்குள் போட்டதும் படம் மங்கலாகத் தெரிந்தால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் செட்டிங் பிரச்சனை. கோடோவில் டெக்ஸ்சர் ஃபில்டரை 'நியரெஸ்ட்' என்றும், யூனிட்டியில் ஃபில்டர் மோடை 'பாயின்ட்' என்றும் மாற்றுங்கள். பெரிதாக்கும்போது 2 மடங்கு, 3 மடங்கு என முழு எண்ணாகவே பெரிதாக்குங்கள். ஒன்றரை மடங்கு என்றால் புள்ளிகள் கோணலாகும்.

3. 'அசிங்கம்' என்று சொல்லாமல் பிழையின் பெயரைச் சொல்லுங்கள்

படம் எரர் மெசேஜ் கொடுக்காது என்றோம். அதை நாமே எழுதிக்கொள்ளலாம். ஐந்து சோதனைகள் போதும்.

நிழலுருவச் சோதனை: படம் முழுவதையும் ஒரே கறுப்பால் நிரப்புங்கள். அது என்ன என்று இன்னும் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் உருவத்தில் பிழை. நிறம் மாற்றிப் பயனில்லை.

படிக்கட்டுச் சோதனை: வளைவுக் கோட்டில் ஒவ்வொரு படியின் நீளத்தையும் எண்ணுங்கள். 4, 3, 2, 1 என்று ஒழுங்காகக் குறைந்தால் வளைவு வழுக்கிக்கொண்டு போகும். 4, 1, 3, 1 என்றால் கோடு முண்டும் முடிச்சுமாக இருக்கும்.

வெளிச்சச் சோதனை: விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? எல்லா ஓரங்களையும் சுற்றிக் கருமையாக்கி நடுவில் மட்டும் வெளிச்சம் வைத்தால், பொருள் தலையணைபோல உப்பித் தெரியும். ஆரம்பத்தில் பலரும் செய்யும் பிழை இது. ஒரு பக்கத்தை முடிவு செய்து, எதிர்ப் பக்கத்தில் மட்டும் நிழல் வையுங்கள்.

கறுப்பு வெள்ளைச் சோதனை: நிறத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஆளும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், கேமில் ஆள் தொலைந்துபோவார்.

உண்மை அளவுச் சோதனை: பெரிதாக்கிப் பார்த்தே வரைவோம். அடிக்கடி சுருக்கி, கேமில் தெரியும் அளவில் பாருங்கள். ஒரு மணி நேரம் போராடிய விரல் நகம் அங்கே தெரியவே தெரியாது.

இப்படிப் பிழைக்குப் பெயர் வந்துவிட்டால், வெட்கம் போய் வேலை வந்துவிடும்.

4. நேரத்தை ஒரு பழக்கத்தோடு கட்டுங்கள்

'நேரம் கிடைக்கும்போது வரையலாம்' என்றால் கிடைக்காது. 'இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் பதினைந்து நிமிடம்' என்றால் நடக்க வாய்ப்பு அதிகம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. '21 நாளில் பழக்கம்' என்ற பேச்சை நம்பி 22-ஆம் நாள் மனம் உடைய வேண்டாம். அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெடவில்லை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் விட்டுப்போகும். விட்டுப்போகட்டும். அடுத்த நாள் சின்னக் கோலத்திலிருந்து தொடங்குங்கள்.

5. பழைய படங்களை அழிக்காதீர்கள்

ஒரே பொருளை மாதம் ஒருமுறை புதிதாக வரையுங்கள். ஒரு பானை, ஒரு சேவல், ஒரு மோட்டார் எதுவானாலும் சரி. பழையதைப் பார்க்காமல் வரைந்துவிட்டு, பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னேற்றம் நாள்தோறும் தெரியாது. மாதக்கணக்கில் தெரியும். கோடிங்கில் பழைய வெர்ஷன்களைக் காப்பாற்றுகிறோமே, அதே வேலைதான்.

6. சிவப்புச் சதுரத்துக்கும் மரியாதை கொடுங்கள்

எல்லாவற்றையும் நீங்களே வரைய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கென்னி என்ற பெயரில் வெளிவரும் இலவசப் படத் தொகுப்புகளை யாரும் எந்த கேமிலும் பயன்படுத்தலாம். முதலில் அவற்றை வைத்து கேமை ஓட விடுங்கள். பிறகு வாரம் ஒன்றாக உங்கள் படத்தால் மாற்றுங்கள். இந்த வாரம் பெட்டி, அடுத்த வாரம் மரம். கேம் நிற்காமல் வளரும், படமும் வளரும்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஆரம்பிக்க ஒரு வெள்ளிகூடத் தேவையில்லை. பிஸ்கெல் பிரவுசரிலேயே இயங்கும். லிப்ரேஸ்ப்ரைட் இலவசம். பலரும் பயன்படுத்தும் ஏஸ்ப்ரைட் கட்டண மென்பொருள். அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கேம் செய்ய கோடோ இலவசம். வரையும் டேப்லெட் வேண்டாம். 16×16 கட்டத்துக்குப் பழைய மவுஸ் போதும்.

புதுக் கருவி வாங்கினால் ஆர்வம் வரும் என்று தோன்றும். வரும், ஒரு வாரத்துக்கு. லேப்டாப்பே இல்லையா? சதுரக் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் வண்ணப் பென்சிலும் போதும். சூசன் கேர் தொடங்கியது அங்கேதான்.

எதை வரைவது?

ஆர்வம் நிலைப்பதில் இந்தக் கேள்விக்கு முக்கிய இடம் உண்டு.

ஆரம்பிப்பவர்கள் பலர் கத்தி, டிராகன், ஜப்பானிய வீடு, வெளிநாட்டுக் கோட்டை என்று வரைகிறார்கள். தப்பில்லை. ஆனால் அவற்றை ஏற்கெனவே ஆயிரம் பேர் நம்மைவிட நன்றாக வரைந்திருக்கிறார்கள். ஒப்பீடு உடனே வந்துவிடும், மனம் உடனே சோர்ந்துவிடும்.

லயத்து வீட்டை வரைந்து பாருங்கள். தகரக் கூரை, பலகைச் சுவர், வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள். ஒரே டைலைப் பத்து முறை வைத்தால் ஒரு லயம் தயார். ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நிற்பவை. ஒரு மரம் வரைந்தால் தோட்டம் முழுக்க வந்துவிடும். பட்டையில் சாய்வாகப் போகும் வெட்டுக் கோடு, அதன் கீழே பால் கோப்பை, விடிவதற்கு முன் தலையில் விளக்கோடு நடக்கும் ஆள், பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோவில். மாசி மகத்தில் செங் சன்னாசிமலைக்குப் போகும் தேர். கம்போங் செட்டியின் வீடுகள், 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம். எல்லாமே 16×16 கட்டத்துக்குள் அடங்கும் உருவங்கள்.

இவற்றுக்கு ஒப்பிட்டுச் சோர வைக்கும் ஆயிரம் படங்கள் இல்லை. உங்கள் முதல் முயற்சியே புதிது.

இன்னொரு காரணமும் உண்டு. மலாயாவின் வணிக ரப்பர் பயிரிடுதல் 1890-களில் தொடங்கியது இந்த மாநிலத்தில்தான். தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கிலும், பிறகு புக்கிட் ஆசஹானிலும் ரப்பர் நட்டார். பின்னர் தமிழர்களின் தலைமுறைகள் இந்த மாநிலத்தின் தோட்டங்களில் வாழ்ந்தன. இன்று ரப்பர் இருந்த இடத்தில் பல பக்கம் செம்பனை நிற்கிறது, சில பக்கம் வீடமைப்புத் திட்டங்கள். லயங்கள் இடிந்துவருகின்றன. அவை எப்படி இருந்தன என்பது பல குடும்பங்களில் இரண்டு மூன்று மங்கிய புகைப்படங்களிலும், தாத்தா பாட்டியின் பேச்சிலும் மட்டுமே மிச்சம் இருக்கிறது.

ஒரு லயத்தை வரைய உட்கார்ந்தால் கேள்விகள் வரும். எத்தனை படி இருந்தது? அடுப்படி முன்னால் இருந்ததா, பின்னாலா? தண்ணீர்க் குழாய் எங்கே? வாசலில் என்ன செடி? பதில் பாட்டியிடம்தான் இருக்கும். போய்க் கேளுங்கள். வரைந்ததைக் கைப்பேசியில் காட்டுங்கள். "கதவு இப்படி இல்ல ஐயா, ரெண்டு பலகை, மேல பாதி தனியா திறக்கும்" என்பதுபோல ஒரு திருத்தம் வரலாம். எந்த டுட்டோரியலும் தராத திருத்தம் அது. திருத்தி மறுபடி காட்ட ஓர் ஆள் காத்திருக்கிறார் என்றால், ஃபைலைத் திறக்க மூன்று மாதம் ஆகாது.

தனியாகவே கற்க வேண்டுமா?

வேண்டாம். காட்டிப் பேச ஒருவராவது இருப்பது நல்லது. கேம் ஜாம் எனப்படும் குறுகிய காலப் போட்டிகள் அதற்கு நல்ல இடம். 2002-இல் தொடங்கிய 'லூடம் டேர்' 48 மணி நேரத்தில் ஒரு கேம் செய்யும் சவாலுக்குப் பெயர் பெற்றது. 2009-இல் தொடங்கிய 'குளோபல் கேம் ஜாம்' உலகெங்கும் ஒரே காலகட்டத்தில் நடக்கிறது. கெடு இருப்பதால் படத்தை நுணுக்கிக்கொண்டே இருக்க முடியாது. முடித்தே ஆக வேண்டும். அதுதான் அங்கே கிடைக்கும் பாடம். ஆண்டுக்கு ஒன்று போதும். பொங்கல் கோலம் மாதிரி.

விட்டுவிட்டால் தோல்வியா?

இல்லை. இது பொழுதுபோக்கு. வேலை முடிந்து வந்த உடம்புக்குத் தூக்கம் முதலில். ஆறு மாதம் முயன்ற பிறகும் வரைவது சுமையாகவே இருந்தால், வரையத் தெரிந்த ஒரு நண்பரோடு சேர்ந்துகொள்ளலாம். வகுப்பில் நோட்டுப் புத்தக ஓரத்தில் எப்போதும் எதையாவது கிறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் உங்களுக்கும் நினைவுக்கு வருவார். அவருக்குக் கோடிங் தெரியாமல் இருக்கலாம். இருவருக்கும் ஆள் தேவை.

அப்போதும் நீங்கள் கற்றது வீணாகாது. நிழலுரு, வெளிச்சம், படிக்கட்டு என்று பேசத் தெரிந்த புரோகிராமரோடு வேலை செய்வது எந்த ஓவியருக்கும் சுலபம்.

ஆனால் அந்த முடிவை, முதல் உருளைக்கிழங்கைப் பார்த்த இரவில் எடுக்காதீர்கள். நூறு சின்னப் படம் முடித்த பிறகு எடுங்கள்.

இன்றிரவு ஆள் வேண்டாம், முகம் வேண்டாம். ஒரு பால் கோப்பை போதும். 16×16 கட்டம், நான்கு நிறம், பதினைந்து நிமிடம். முடித்ததும் கேமைத் திறந்து, அந்தச் சிவப்புச் சதுரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.